எண்ணுக்குள் இருக்கும் எழுத்து



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் இருட்டிலேயே எல்லாரும் வந்து வரிசையில் நிற்பார்கள். கிராணியார் செக்ரோல் புத்தகத்தை விரிப்பார். அந்தப் புத்தகத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நம்பர் இருந்தது. பால் நிறுக்கும்போதும் அந்த நம்பர்தான். சம்பளம் போடும்போதும் அந்த நம்பர்தான். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களுக்கு 1901ஆம் ஆண்டில் தொடங்கிய முறைப்படி தகர வில்லை ஒன்று கொடுத்தார்கள். போகவேண்டிய தோட்டத்தைக் காட்டும் குறி அதில் பொறித்திருந்தது.

ஒரு தோட்டத்தின் 47ஆம் நம்பர் ஓர் அம்மாளின் நம்பர் என்று வைத்துக்கொள்வோம். அதே 47ஆம் நம்பரைப் பக்கத்துத் தோட்டத்துப் புத்தகத்தில் பார்த்தால் வேறோர் ஆளின் பெயர் வரும். புத்தகமே தொலைந்துவிட்டால் 47 என்பது வெறும் எண்தான். ஆக, நம்பர் மட்டும் இருந்தால் போதாது. அந்த நம்பருக்குரிய புத்தகமும் இருக்க வேண்டும்.

இன்று நாம் பேசப்போவது கம்ப்யூட்டர் என்னும் கணிப்பொறியைப் பற்றி. அதற்குப் பெரட்டு எதற்கு என்று கேட்கலாம். கணிப்பொறிக்குள்ளும் எழுத்துகள் நம்பர்களாகத்தான் நிற்கின்றன. அவற்றுக்கும் ஒரு செக்ரோல் புத்தகம் உண்டு. அந்தப் புத்தகம் மாறிப்போனதால் நம் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல்களும் கடிதங்களும் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கின்றன. அவற்றில் சிலவற்றை மீட்கலாம். எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்று அறியும் வழியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம். 2001ஆம் ஆண்டில் எங்கள் பாட்டியார் தமக்கு நினைவிருந்த உறவினர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். யார் யாருடன் கப்பலேறினார், யார் எந்தத் தோட்டத்தில் இருந்தார், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அத்தனையும் சொன்னார். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் தமிழில் தட்டச்சு செய்து தரும் கடை ஒன்று இருந்தது. அங்கே கொடுத்து இரண்டு கோப்புகளாக அடித்து வாங்கினோம். பாட்டனார் வழி ஒரு கோப்பு; பாட்டியார் வழி ஒரு கோப்பு. இரண்டையும் பிளாப்பித் தட்டில் போட்டுப் பத்திரமாக வைத்தோம்.

சில ஆண்டுகள் கழித்துப் புதிய கணிப்பொறியில் திறந்து பார்த்தபோது தமிழே இல்லை. தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் முக்கால் என்னும் பின்னக் குறி. அடுத்து தலையில் கோடு போட்ட ஓர் ஆங்கில ஏ. அப்புறம் அமெரிக்கச் சென்ட் காசின் குறி. கடைசியில் தலையில் கோடு போட்ட யு. பக்கம் முழுவதும் இதே கோலம். பார்த்தவர்கள் எல்லாரும், "கோப்பு கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள்" என்றார்கள். அது உண்மையில் கெட்டிருந்ததா? இதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

சிங்கப்பூரில் தமிழ் அச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1887ஆம் ஆண்டில் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். அந்நாளில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்துத்தான் அச்சடித்தார்கள். அச்சுக் கோப்பவரின் முன்னால் பல அறைகள் கொண்ட மரப்பெட்டி சாய்ந்து நிற்கும். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. கை தானாக அறைக்குப் போகும். கண் எழுதிய தாளிலேயே இருக்கும். யாராவது இரவோடு இரவாக அறைகளிலுள்ள எழுத்துகளை இடம் மாற்றி வைத்துவிட்டால் என்ன ஆகும்? மறுநாள் கை அதே அறைகளுக்குத்தான் போகும். ஆனால் 'அம்மா' என்று கோத்தது வேறு ஏதோவாக அச்சாகும்.

அடுத்து வந்தது தட்டச்சுப் பொறி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வடிவமைத்தார். நம் எழுத்துகள் 247. விசைகளோ சில பத்து. ஆகவே எழுத்தைத் துண்டுகளாக்கிக் கால் ஒரு விசை, கொம்பு ஒரு விசை, புள்ளி ஒரு விசை என்று அமைப்பதே வழியாயிற்று. 'பெ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'ப'. தாளில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணிப்பொறி வந்தபோது அதன் அடிப்படை அறை 'பைட்' என்பதாக இருந்தது. ஒரு பைட் என்பது எட்டு விளக்குகள் கொண்ட ஒரு வரிசை போன்றது. ஒவ்வொரு விளக்கும் எரியலாம், அல்லது அணைந்திருக்கலாம். எட்டு விளக்குகளை 256 விதமாக எரியவிடலாம். ஆகவே ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண் இருக்கும். எழுத்து என்று எதுவும் அதில் கிடையாது. 65 என்றால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து என்று மனிதர்கள் ஒரு பட்டியல் போட்டு ஒப்புக்கொண்டார்கள். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட அந்தப் பட்டியலுக்கு ஆஸ்கி என்று பெயர். அது 128 இடங்களை எடுத்துக்கொண்டது. மீதி 128.

அந்த 128 இடங்களில் 247 எழுத்துகள் அடங்குமா? அடங்கா. ஆகவே தட்டச்சுப் பொறியில் செய்ததுபோலவே இங்கும் எழுத்தைத் துண்டாக்கினார்கள். ஆனால் எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதை ஆளுக்கொரு விதமாக முடிவு செய்தார்கள். சிலர் மேல் பாதியிலுள்ள 128 இடங்களில் தமிழை வைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தார்கள். இலங்கையிலும், இலங்கைத் தமிழர் குடியேறிய நாடுகளிலும் பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துரு இந்த இரண்டாம் வகை. ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு தோட்டம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனிச் செக்ரோல். ஒரு தோட்டத்து நம்பரை வைத்துக்கொண்டு இன்னொரு தோட்டத்தில் ஆளைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வேலையில் சிங்கப்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. நா. கோவிந்தசாமி அவர்கள் சிறுகதை எழுத்தாளர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். கணிப்பொறியில் தமிழை எழுதவும் இணையத்தில் காட்டவும் 'கணியன்' என்னும் அமைப்பை உருவாக்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோரும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஒன்றை நான்கு ஆட்சிமொழிகளிலும் இணையத்தில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். அந்த நான்கில் தமிழும் ஒன்றாக இருந்தது. இணையத்தில் தமிழ் தலைகாட்டிய முதல் நிகழ்ச்சிகளில் அது ஒன்று.

1997ஆம் ஆண்டு மே மாதத்தில் 'தமிழ்நெட் 97' என்ற மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. அதன் பின்னணியில் நின்றவரும் கோவிந்தசாமிதான். ஒரே மொழிக்கு இத்தனை பட்டியல்கள் இருந்தால் எப்படி ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது என்பதே அங்கே எழுந்த கேள்வி. 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு நடந்து, தமிழ்நாட்டு அரசு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. அதே ஆண்டில் கோவிந்தசாமி காலமானார். 2000 ஜூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தது. உத்தமம் என்று நாம் அழைக்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அப்போதுதான் பிறந்தது. 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்களும் இம்முயற்சிகளில் தோள் கொடுத்தார்கள். பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய 'திஸ்கி' என்னும் பட்டியலும் இக்காலத்ததே.

இதற்கிடையில் உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்ற எண்ணத்தில் யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991ஆம் ஆண்டில் வெளிவந்திருந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 எண்களை ஒதுக்கினார்கள். 'அ' என்றால் 2949. 'க' என்றால் 2965. உலகில் வேறெந்த எழுத்துக்கும் அந்த எண் கிடையாது. தமிழ்நாட்டு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்று நம் கைத்தொலைபேசியில் வரும் தமிழ் பெரும்பாலும் ஒருங்குறித் தமிழ்தான். எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவான ஒரே செக்ரோல் வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு முன் எழுதிய கோப்புகள் பழைய நம்பரோடுதான் கிடக்கின்றன.

இனி, கோப்புக்குள் கிடக்கும் நம்பரைப் பார்ப்பது எப்படி என்பதற்கு வருவோம்.

நாம் சாதாரணமாக ஒரு கோப்பைத் திறக்கும்போது கணிப்பொறி நம்பரைக் காட்டுவதில்லை. ஏதோ ஒரு பட்டியலைத் தானே எடுத்து, நம்பரை எழுத்தாக மாற்றிக் காட்டுகிறது. பட்டியல் தவறானால் காட்சியும் தவறாகிறது. ஆகவே இடைத்தரகரை விலக்கிவிட்டு நேரே நம்பரைக் கேட்கவேண்டும். அதற்கென்று பழைய கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் இரண்டே ஆங்கில எழுத்துகள்: ஓ, டி. பைட்டுகளை எட்டின் கணக்கில் கொட்டிக் காட்டுவது என்பதன் சுருக்கம் அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கிய யூனிக்ஸ் அமைப்பின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. அந்தக் கையேட்டிலேயே இந்தக் கருவி இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் லினக்ஸ், மாக் கணிப்பொறிகளில் இன்றும் அது இருக்கிறது.

அந்தக் கணிப்பொறிகளில் படமும் பொத்தானும் இல்லாமல், கட்டளையை எழுதிக் கேட்கும் சாளரம் ஒன்று உண்டு. அதைத் திறந்து ஓ, டி என்ற இரண்டு எழுத்துகளையும் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு. அதை ஒட்டியே சிறிய எழுத்தில் பி. பிறகு இன்னோர் இடைவெளி. அடுத்துக் கோப்பின் பெயர். திரும்பு விசையைத் தட்டினால் மூன்று மூன்று இலக்கமாக எண்கள் வரிசையாக வரும். அந்தக் கருவி கோப்பைப் படிக்கும், எதையும் மாற்றாது. கெட்டுவிடுமோ என்ற அச்சம் வேண்டாம்.

அந்த எண்கள் பத்தின் கணக்கில் இல்லை. எட்டின் கணக்கில் இருக்கும். இது என்ன புதுக் கணக்கு என்று மலைக்க வேண்டாம். நம் பாட்டிமார் அளந்த கணக்குத்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு குறுணி. ஏழு ஆழாக்குக்கு மேல் ஒன்று சேர்ந்தால் அது ஒரு படியாகிவிடும். 256 என்று கருவி காட்டினால் இரண்டு குறுணி, ஐந்து படி, ஆறு ஆழாக்கு என்று படிக்கலாம். ஒரு குறுணிக்கு 64 ஆழாக்கு. ஆக 128, 40, 6, கூட்டினால் 174. அந்தப் பைட்டில் இருக்கும் எண் அதுதான்.

இப்போது 'தமிழ்' என்ற ஒரே சொல்லை மூன்று பட்டியல்களில் எழுதி, மூன்று கோப்புகளாக வைத்து, இந்தக் கருவியால் பார்ப்போம்.

பாமினியில் எழுதிய கோப்பு 152, 153, 160, 157, 073 என்று காட்டும். ஐந்து பைட்டுகள். எல்லாம் ஆங்கிலத்துக்குரிய இடங்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் இதைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும்.

திஸ்கியில் எழுதிய கோப்பு 276, 301, 242, 372 என்று காட்டும். நான்கு பைட்டுகள். த, ம, இகரக் கொக்கி, புள்ளி வைத்த ழ். இதைத்தான் வேறு பட்டியலில் பார்த்தபோது முக்கால் குறியும், கோடு போட்ட ஏயும், சென்ட் குறியும், கோடு போட்ட யுவும் வந்தன. எங்கள் வீட்டுக் கோப்பின் மர்மம் இதுதான்.

ஒருங்குறியில் எழுதிய கோப்பு 340, 256, 244 என்று தொடங்கும். அடுத்து 340, 256, 256. அடுத்து 340, 256, 277. அடுத்து 340, 256, 264. கடைசியாக 340, 257, 215. மொத்தம் பதினைந்து பைட்டுகள். த, ம, கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். குறிக்கு மூன்று பைட் வீதம் பதினைந்து. வரியின் முடிவில் 012 என்று இன்னொன்று வந்தால் அது வரி முடிந்தது என்பதற்கான குறி. அதோடு பதினாறு. இடப்பக்க ஓரத்தில் கடைசியாக 0000020 என்று காட்டும். அது இருபது அல்ல. இரண்டு எட்டு, அதாவது பதினாறு. கருவியே எண்ணிச் சொல்லிவிடுகிறது.

2949 என்ற எண்ணை மூன்று பைட்டுகளாகப் பிரித்து வைப்பது எதற்கு என்று கேட்கலாம். ஒரு பைட்டில் 255க்கு மேல் கொள்ளாது. ஆகவே பெரிய எண்ணைப் பங்கு போட வேண்டும். அப்படிப் பங்கு போடும் முறையை 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கென் தாம்சனும் ராப் பைக்கும் உட்கார்ந்து வகுத்தார்கள். யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கிய அதே தாம்சன்தான்.

அவர்கள் முறையை நாம் கையாலேயே சரிபார்க்கலாம். 'அ' என்னும் எழுத்து 340, 256, 205 என்று இருக்கும். முதல் பைட், மூன்று பைட் சேர்ந்து ஒரு குறி என்று அறிவிக்கிறது. மற்ற இரண்டின் தலையில் இருக்கும் 2 என்பது 'நான் தொடர்ச்சி' என்னும் அடையாளம். அந்த இரண்டை நீக்கினால் 56, 05. சேர்த்தால் 5605. இதை எட்டின் கணக்கில் விரியுங்கள். குறுணிக்கு மேல் எட்டுக் குறுணியாக ஐந்து, அது 2560. ஆறு குறுணி 384. படி இல்லை. ஐந்து ஆழாக்கு. மொத்தம் 2949. ஒருங்குறியில் 'அ'வுக்குரிய எண் வந்துவிட்டது. தாளும் பென்சிலும் இருந்தால் வீட்டில் படிக்கும் பிள்ளைகளே இதைச் செய்து பார்க்கலாம்.

ஆக நேயர்களே, கோப்பு எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தது என்று அறிவது இப்போது எளிது. 340, 256, 340, 257 என்று திரும்பத் திரும்ப வந்தால் ஒருங்குறித் தமிழ். 200க்கு மேற்பட்ட எண்கள் நெருக்கமாக வந்து, ஆனால் 340ஓடு இந்தத் தாளம் இல்லையென்றால் திஸ்கி போன்ற பழைய பட்டியல். எல்லாமே 200க்குக் கீழே இருந்து, ஆங்கிலமாகப் படித்தால் பொருள் வராவிட்டால் பாமினி வகை.

எங்கள் வீட்டுக் கோப்புக்குத் திரும்புவோம். பாட்டனார் வழிக் கோப்பைக் கருவியால் பார்த்தோம். முதல் சொல் 246, 300, 302, 367 என்று வந்தது. திஸ்கிப் பட்டியலில் தேடினோம். 246 என்பது கொம்பு. 300 என்பது ப. 302 என்பது ய. 367 என்பது ர். 'பெயர்' என்னும் தலைப்பு! தட்டச்சுப் பொறியில் இருந்த வரிசையைப் பாருங்கள்: கொம்பு முதலில், ப பிறகு. ஒருங்குறியில் இது மாறும். அங்கே ப முதலில், கொம்பு அதன் பின். ஆகவே பழைய கோப்பைப் புதிய பட்டியலுக்கு மாற்றும்போது எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. கொம்பையும் இடம் மாற்றி வைக்கவேண்டும். இதை ஒழுங்காகச் செய்யும் மாற்றிகள் இருக்கின்றன. லினக்ஸில் ஐகான்வ் என்னும் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். எந்தப் பட்டியல் என்று நாம் சொன்னால் போதும். சொன்னோம். சில நொடிகளில் பாட்டனாரின் அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், கப்பலில் கூட வந்தவர்கள் என்று அத்தனை பேரும் தமிழில் வந்து நின்றார்கள். கோப்பு கெடவே இல்லை. பைட் ஒன்றுகூட அசையாமல் அப்படியே இருந்திருக்கிறது. தொலைந்திருந்தது புத்தகம்தான்.

பாட்டியார் வழிக் கோப்பில் கதை வேறு. முன்பு ஒரு நாள் அதைத் திறந்து, புரியாத குறிகளைக் கண்டு, ஏதேதோ செய்து பார்த்தோம். மூடும்போது கணிப்பொறி, "சில எழுத்துகளை இழக்க நேரும், தொடரலாமா?" என்று கேட்டது. நாங்கள் சரி என்று தட்டிவிட்டோம். தவறு எங்களுடையது. இப்போது கருவியால் பார்த்தபோது 077, 077, 077, 077, 040, 077, 077 என்று பக்கம் பக்கமாக வந்தது. 077 என்பது கேள்விக்குறி. 040 என்பது இடைவெளி. தன் பட்டியலில் இல்லாத ஒவ்வொரு எண்ணையும் கணிப்பொறி கேள்விக்குறியாக மாற்றி எழுதிவிட்டிருக்கிறது. இது காட்சிப் பிழை அல்ல, நம்பரே அழிந்துவிட்டது. எந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தாலும் கேள்விக்குறி கேள்விக்குறிதான்.

ஒரு பெயருக்கு நான்கு துண்டு, அடுத்த பெயருக்கு ஆறு துண்டு என்று எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருந்தது. எத்தனை பேர் என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. பாட்டியார் அப்போது உயிருடன் இல்லை. மூத்த அத்தை ஒருவரிடம் போய், அந்தத் துண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு, "நான்கு துண்டுப் பெயர், பெரியவள், அவளுக்கு அடுத்தவள் பெயர் ஆறு துண்டு" என்று கேட்டுக் கேட்டுச் சில பெயர்களை மீட்டோம். சில பெயர்கள் வரவில்லை. அந்த இடங்களை அப்படியே வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம். ஊகித்து எழுத மனம் வரவில்லை.

இதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது சிலவற்றை உங்களிடம் சொல்ல வேண்டும். பழைய தமிழ்க் கோப்பு புரியாத குறிகளாகத் தெரிந்தால் அதைக் கெட்டுவிட்டது என்று எறியாதீர்கள். முதலில் ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். மூலத்தைத் திறந்து மீண்டும் சேமிக்காதீர்கள். எதையாவது இழக்க நேரும் என்று கணிப்பொறி எச்சரித்தால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பிறகு நம்பரைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பள்ளியில் கணிப்பொறி படிக்கும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த எழுத்துருவில் அடித்தது என்று நினைவிருந்தால் அதையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். அந்தச் சீட்டுத்தான் செக்ரோல் புத்தகம். மீட்ட பிறகு தாளிலும் ஒரு படி எடுத்து வையுங்கள்.

2015ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ் ஆர்வலர்கள் கூடி, ஐம்பது ஆண்டுக் காலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் சேர்த்துத் தேசிய நூலக வாரியத்தில் பாதுகாக்க வழி செய்தார்கள். நூல்களுக்கு நூலகம் இருக்கிறது. நம் லயத்துக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலுக்கு நாம்தான் நூலகம். அந்தக் காலத்தில் நம் பெயரைக் கிராணியார் தம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். அவர் எழுதியதுதான் பெயராயிற்று. இன்று நம் பெயரை நாமே, நம் எழுத்தில் எழுதி வைக்க முடிகிறது. எழுதியதைத் தொலைக்காமல் வைத்திருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பிளாப்பித் தட்டோ, குறுந்தட்டோ கிடந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். விவரம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே பார்ப்பது நல்லது.